நாலு நிறத்தில் ஒரு முந்தானை

எனக்கு வழியனுப்பு விழா நடத்திச் சால்வை போர்த்தினார்கள். பட்டுக்கடையில் முப்பத்தாறு வருஷம் டிசைன் போட்டவனுக்குப் போர்த்திய அந்தச் சால்வையில் ஒரு இழைகூடப் பட்டு கிடையாது. குறை சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். விழா முடிந்ததும் டிசைன் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வந்து, "சார், உங்க அனுபவத்துலேருந்து எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். கையில் கேசரி இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வெற்றிகளை எழுதப் போவதில்லை. அவை எல்லாம் விற்றுப் போய்விட்டன. ஓய்வு பெறுவதற்கு முந்தின மழைக்காலத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷ அனுபவம் இருந்ததால்தான் அதை அவ்வளவு திறமையாகச் செய்ய முடிந்தது.

முதலில் எங்கள் அறையில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்போன் இருக்கிறது. எங்களுக்குப் பாழாய்ப் போன கிராப் தாள்களின் பின்பக்கம் இருந்தது. எதிர் மேசையில், டிசைனைத் தறியில் ஏற்றும் ஜக்கார்டு அட்டைகளில் ஓட்டை அடிக்கும் அம்மாள் உட்கார்ந்திருப்பார். என்னைவிட ஒரு வயது மூத்தவர், என்னைவிட நூறு மடங்கு வாய். அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எம் பேரு அதுல வந்துச்சுன்னா உன்ன மிஷின்ல வெச்சு ஓட்ட போட்டுடுவேன்" என்றார். அதனால் அட்டைக்கார அம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

ஆட்டம் இதுதான். ஒருவர் தாளில் ஒரு நாடு வரைவார். மற்றவர் அதற்கு நிறம் தீட்டிவிட்டு, அதை ஒட்டி இன்னொரு நாடு வரைவார். முதல் ஆள் அதற்கு நிறம் தீட்டி மூன்றாவது நாட்டை வரைவார். இப்படியே போகும். எல்லைக்கோடு பொதுவாக இருக்கும் இரண்டு நாடுகளுக்கு ஒரே நிறம் கூடாது. ஒரு புள்ளியில் மட்டும் இடித்துக்கொண்டால் பரவாயில்லை. மொத்தம் நாலு கலர் பென்சில். ஐந்தாவது பென்சில் யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர் தோற்றார். தோற்றவர் இரண்டு பேருடைய டிபன் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். இருபது வருஷம் நான் கழுவியிருக்கிறேன்.

நான் தோற்றதற்குக் காரணம் வேகம். ஒரு நாட்டைக் கண்டதும் கைக்கு வந்த நிறத்தைத் தீட்டிவிடுவேன். அட்டைக்கார அம்மா அந்த நாட்டையே பார்க்க மாட்டார். மொத்தப் படத்தின் வெளிவிளிம்பில் எத்தனை நிறம் தெரிகிறது என்றுதான் பார்ப்பார். நாலு நிறமும் ஒருசேர வெளியே தெரிந்ததோ இல்லையோ, எல்லாவற்றையும் சுற்றி மலைப்பாம்பு மாதிரி ஒரு நாட்டை வரைந்து, "இதுக்குத் தீட்டுப்பா" என்பார். அது நாலு நிறத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். நான் எழுந்து குழாயடிக்குப் போவேன்.

பொங்கலுக்குப் புடவை எடுக்க வந்த ஒரு கணக்கு வாத்தியார் ஒருமுறை இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இதன் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது என்றார். எந்த வரைபடமாக இருந்தாலும், எத்தனை நாடு இருந்தாலும், நாலு நிறம் போதுமாம். முதலில் ஒருவர் இதை நிரூபித்தார். பத்து வருஷத்துக்கு மேல் எல்லோரும் நம்பினார்கள். பிறகு இன்னொருவர் வந்து நிரூபணத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். கடைசியில் கம்ப்யூட்டரை வைத்துத்தான் முடித்தார்களாம். "அப்ப நான் ஏன் சார் தினம் தோக்கறேன்?" என்று கேட்டேன். "முழு வரைபடத்தையும் முதல்லயே கையில கொடுத்துட்டா நாலு போதும். நீங்க ஒவ்வொண்ணா வர வர தீட்டறீங்களே, அதுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது" என்றார். நான் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

இனி முட்டாள்தனம்.

ஒரு நாள் நம்மூர்க்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை சொல்ல வந்தார். பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள், பெயர் சௌமியா. மாப்பிள்ளைக்கு ஊர் தாமல். மேற்கே தாமலில் தொடங்கி இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களின் ஊர்கள் எல்லாம் முந்தானையில் வரைபடமாக வர வேண்டும், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். இதுதான் அவர் கேட்டது. முன்பெல்லாம் மயில் கேட்டார்கள், யானை கேட்டார்கள். இப்போது கூகுள் மேப் கேட்கிறார்கள். நல்லதுதான், மாறுதலாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டேன்.

"எத்தன கலர் சார் ஆவும்?" என்றார் அவர்.

"எத்தனை ஊரு வேணாலும் கொடுங்க. நாலு கலர் போதும். கணக்குலயே நிரூபிச்சிருக்காங்க" என்றேன். எதிர் மேசையில் ஓட்டை அடிக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மஞ்சள், பச்சை, நீலம், கத்தரிப்பூ என்று நாலு நிறம் சாயம் போடச் சொன்னேன். புடவை உடலுக்கு அரக்கு; சரிகை ஒரு இழைகூடக் கூடாது என்பது பெண்ணின் நிபந்தனை. இந்த மாதிரி முந்தானைக்கு அட்டை உதவாது. நெசவாளர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூல்கண்டு வைத்து, இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் கையாலேயே கோர்க்க வேண்டும். தனபால் என்ற நெசவாளரிடம் கொடுத்தேன். அவரும் அவர் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்பவர்கள். முந்தானையை முதலில் நெய்து, பிறகு உடலுக்குப் போவதாக ஏற்பாடு. முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து நாள். முந்தானைக்குப் பதினொன்று, உடலுக்குப் பன்னிரண்டு. இரண்டு நாள் மிச்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஊர்ப் பட்டியல் முழுதாக வரவில்லை. அப்பா முதலில் நாலு ஊர் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டைக் கேட்டுவிட்டு மீதி சொல்வதாகச் சொன்னார். இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். பட்டியல் முடியாமல் தறி ஓடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தனபால் தறி காலியாக நின்றது. காலித் தறியைப் பார்த்தால் காஞ்சிபுரத்தில் எவனுக்கும் கை அரிக்கும். நாலு ஊருக்குக் கிராப் போட்டு, நிறம் தீட்டி, அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வாட்ஸப்பில் திருப்பருத்திக்குன்றம் வந்தது. அதற்கு மறுநாள், "மாப்ள வூட்ல பெரியம்மா ஊரு வுட்டுப்போச்சாம் சார்." ஒவ்வொன்றையும் வரைந்தேன், கண்டதும் நிறம் தீட்டினேன், தறிக்கு அனுப்பினேன். தாளில் இருந்தால் அது பென்சில். தறியில் ஏறிவிட்டால் அது பட்டு, அழிக்க ரப்பர் கிடையாது. இருபது வருஷம் எந்த ஆட்டத்தில் தோற்றேனோ அதே ஆட்டத்தை ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவையில் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பத்தாவது நாள் மாலை, தறியில் இருந்த முந்தானையைப் படம் பிடித்துச் சௌமியாவுக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை பஸ் பிடித்து அவளே வந்துவிட்டாள்.

"சார், நல்லாருக்கு. எங்க அம்மா ஊரு எங்க சார்?"

"எந்த ஊரும்மா?"

"தென்னேரி."

பட்டியலைத் தேடினேன். இல்லை. அவளுடைய அம்மா, அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாராம். அதன் பிறகு அப்பாவுக்கும் அம்மா வீட்டுக்கும் ஏதோ பேச்சு முற்றிப் போய், போக்குவரத்தே நின்றுவிட்டது. அப்பா அந்த ஊரை மறந்தாரா, விட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு இந்தக் கல்யாணத்துக்குத்தான் எங்க மாமா வராரு சார். நானே போய்ப் பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டேன். எல்லா ஊரும் இருந்து அம்மா ஊரு மட்டும் இல்லேன்னா, நான் வேணும்னே விட்டுட்டதா நினைப்பாரு. அதுக்கப்புறம் இந்தப் பொடவைய நான் எப்படிக் கட்டுவேன்?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணும் பிரச்சனையில்லம்மா, சேர்த்துடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிராப்பை எடுத்தேன். தென்னேரி கிழக்கே. வரைபடம் மேற்கிலிருந்து கிழக்காக உடலை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. ஆகவே இடம் சரியாகவே இருந்தது. வரைபடத்துக்கும் உடலுக்கும் நடுவே குறுக்காக ஒரு பட்டை மிச்சம். நெய்து முடிந்த விளிம்பைப் பார்த்தேன். இடமிருந்து வலமாக மஞ்சள், பச்சை, நீலம், கத்தரிப்பூ. நாலும் தெரிந்தன. தென்னேரி நாலையும் தொடும். அட்டைக்கார அம்மா எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். போய் உட்கார்ந்து அட்டையில் ஓட்டை அடிக்க ஆரம்பித்தார். இருபது வருஷத்தில் என் தோல்வியைப் பார்த்து அவர் சிரிக்காதது அன்றைக்குத்தான்.

ஐந்தாவது நிறம் சாயம் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் சாயக்காரரைக் கேட்டேன். அடை மழை. நூல் காய நாலு நாள் ஆகும் என்றார். என்னிடம் இருந்தது இரண்டு நாள். கிடங்கில் தயாராக இருந்த மீதி நூல் கறுப்பும் வெள்ளையும். முகூர்த்தப் புடவையில் கறுப்பை வைத்தால் தாமல்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையை, அதுவும் இறந்துபோன அம்மாவின் ஊருக்கு வைப்பதை, நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

கணக்குக்கு வந்தேன். அந்த ஓட்டை விழுந்த நிரூபணத்திலும் ஒரு நல்ல உத்தி உண்டு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். புது நாட்டைச் சுற்றி நாலு நாடு மட்டும், நாலும் நாலு நிறத்தில் இருந்தால், பின்னால் போய் இரண்டு நிறங்களை ஒரு சங்கிலியாக இடம் மாற்றலாம். மஞ்சளை நீலமாக்கு, அதை ஒட்டிய நீலத்தை மஞ்சளாக்கு, அப்படியே போய்க்கொண்டே இரு. அதில் முட்டுக்கட்டை வந்தால் பச்சையையும் கத்தரிப்பூவையும் அதே மாதிரி மாற்று. இரண்டில் ஒன்று கட்டாயம் பலிக்கும், புது நாட்டுக்கு ஒரு நிறம் கிடைக்கும். தாளில் ஐந்து நிமிஷத்தில் பலித்தது. அதை எடுத்துக்கொண்டு தனபால் வீட்டுக்கு ஓடினேன்.

"ரெண்டு சாண் பிரிச்சா போதும் தனபாலு" என்றேன்.

தனபால் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிரிக்கலாமே சார். தோ, பக்கத்துல குந்திக்கினு கோர்வ போட்டவ இருக்கா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் அப்டியே வெளிய போயி டீ சாப்ட்டு வரேன்."

அவர் மனைவி தலையைத் தூக்காமலே, "பிரிச்சா இழ நார்நாராப் பூடும். திரும்ப நெய்ய எட்டு நாளு. கண்ணாலம் முடிஞ்சி மறுவூட்டு விருந்துக்குக் கட்டிக்கினு போவட்டும் அந்தப் பொண்ணு" என்றார். அதோடு கணக்கு முடிந்தது.

அடுத்து ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். இனிமேல் நெய்ய வேண்டிய பட்டை என் கையில்தானே இருக்கிறது? ஆனால் ஒரு ஊரை இன்னொரு ஊரால் மூடினால் அந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். பச்சையையும் நீலத்தையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, நடுவில் அவற்றை மட்டும் தொடுகிற மாதிரி ஒரு முக்கோணம் வைத்தேன். அதற்கு மஞ்சள். பிசகே இல்லை. நாலு நிறத்தில் முடிந்துவிட்டது. மத்தியானம் கடைக்குத் திரும்பி, அங்கேயே காத்திருந்த சௌமியாவிடம் காட்டினேன்.

அவள் முக்கோணத்தின் மேல் விரலை வைத்தாள். விரல் நுனிக்குள் ஊர் மறைந்துவிட்டது.

"இவ்ளோதானா சார் எங்க அம்மா ஊரு? அந்த ஏரிய நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. இத்தனை வருஷம் வாலாஜாபாத் பஸ்ஸில் போய் வந்தும் இறங்கிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மாலை வரை இருந்துவிட்டு, போனில் சொல்லுங்கள் என்று பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன சற்று நேரத்தில் தனபால் கடைக்கு வந்தார். "நான் ஒண்ணு சொல்றேன் சார். ஒடம்புக்கு அரக்கு சுத்திக் கண்டு ரெடியா கீது. அந்தப் பட்டையிலயும் அரக்கையே ஓட்டிடறேன். நாலு கலர்ல எதோடவும் இடிக்காது. ஊரு இருக்குதான்னு கேட்டா இருக்குதும்பீங்க. எவன் வந்து பாக்கப் போறான்?"

எனக்குத் தலையிலிருந்து மூட்டை இறங்கியது. ஐந்தாவது நிறம் தறிக்குப் பக்கத்திலேயே கூடையில் கிடந்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். பட்டையும் அரக்கு, அதை அடுத்து வரும் உடலும் அரக்கு. நடுவே எல்லை தெரியாது. நாலில் ஒரு நிறத்தில் கோடு இழுத்தால் அதுவே இன்னொரு ஊராகத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு வரைபடம் தென்னேரிக்கு முன்னாலேயே முடிந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் "சேர்த்துட்டோம்மா" என்று சொல்லிவிடலாம். அது முழுப் பொய்யும் இல்லை. போனைக் கையில் எடுத்தேன்.

"இன்னா சொல்லப் போற அவகிட்ட?" என்றார் அட்டைக்கார அம்மா.

"ஊரைப் போட்டாச்சுன்னு சொல்லப் போறேன்."

"எல்ல தெரியாதுன்னு சொல்லுவியா?"

நான் போனைத் திரும்ப மேசைமேல் வைத்தேன்.

"தபாரு. சொல்லாம செஞ்சின்னா அது பூசி மெழுவறது. சொல்லிட்டு செஞ்சின்னா அது டிசைனு. நூலு ஒண்ணுதான், வேல ஒண்ணுதான். அந்தப் பொண்ணு மண்டபத்துல மாமங்காரன் எதிர்ல நின்னுக்கினு முழிக்கப் போறா, நீ இங்க பேனா புடிச்சிக்கினு குந்திக்கினு இருப்ப. முப்பத்தஞ்சு வருசம் இன்னாத்தப்பா கத்துக்கின?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டியதற்கெல்லாம் நான் திருப்பித் திட்டியிருக்கிறேன். அன்று திட்டவில்லை. சௌமியாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல் முடியும் முன் தறியை ஓட்டியது என் தப்பு என்பதில் தொடங்கினேன். முக்கோணம் வைக்கலாம், சின்னதாக இருக்கும், ஆனால் எல்லை தெரியும். அரக்கு ஓட்டலாம், முழு அகலத்துக்கும் வரும், ஆனால் எல்லை தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அது ஊர் என்றே தெரியாது. இரண்டும் வேண்டாமென்றால் வேறு புடவை பார்த்துத் தருகிறோம். எது என்று நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

மறுமுனையில் பஸ் சத்தம் கேட்டது.

"கோடே இருக்காதா சார்?"

"இருக்காதும்மா."

"சரி சார். அரக்கே போடுங்க" என்று வைத்துவிட்டாள். கோபமா, சலிப்பா, ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தனபால் வீட்டில் உடலை ஒரு நாள் முன்னதாகவே முடித்துக் கொடுத்தார்கள்.

நீங்கள் திரையில் வேலை செய்கிறீர்கள். வாளிப் படத்தை அழுத்தினால் நிறம் கொட்டுகிறது, பிடிக்காவிட்டால் திரும்ப வாரிக்கொள்கிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் உங்கள் கோப்பு தறிக்குப் போன நிமிஷத்தில் வாளி கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான். வாடிக்கையாளர் பட்டியலை முடிக்கும் வரை முதல் ஊருக்குக்கூட நிறம் தீட்டாதீர்கள். தறி காலியாக நிற்கட்டும். திட்டுவார்கள், திட்டட்டும். அதையும் மீறித் தப்பு நடந்துவிட்டால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்களாக ஒரு முக்கோணத்தைச் செருகிவிட்டுக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் அட்டைக்கார அம்மாவுக்கும் பத்திரிகை வந்திருந்தது. எனக்குப் போக விருப்பமில்லை. "வா, செஞ்சத நின்னு பாரு" என்று இழுத்துக்கொண்டு போனார். தாலி கட்டி முடிந்ததும் சொந்தக்காரர்கள் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு முந்தானையை விரித்து ஊர் தேட ஆரம்பித்தார்கள். "தோ தாமலு", "இது நம்ம ஊருடி" என்று ஒரே கூச்சல். அப்பா ஒவ்வொரு நிறமாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்கு வெளியே, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனிதர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். மாமா அவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெண் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவர் முந்தானையைக் குனிந்து பார்த்தார். தாமலிலிருந்து ஒவ்வொரு ஊராக விரலை நகர்த்திக்கொண்டு வந்தார். நீலத்தில் விரல் நின்றது. அதற்கு மேல் ஊர் இல்லை. அரக்கு மட்டும்தான் இருந்தது.

"நம்ம ஊரு இல்லியாம்மா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் கூச்சல் அடங்கிவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

சௌமியா அவர் விரலைப் பிடித்து நீலத்தைத் தாண்டி அரக்கின் மேல் வைத்தாள். அங்கிருந்து அப்படியே தோளுக்குக் கொண்டுபோனாள், மார்புக்குக் குறுக்கே இறக்கினாள், இடுப்பைச் சுற்றிக் கொசுவத்தில் கொண்டுவந்து விட்டாள்.

"அவங்க ஊரெல்லாம் முந்தானையோட சரி மாமா. நான் கட்டிக்கினு இருக்கறது பூரா நம்ம ஊருதான்."